உழல்வும் மீட்சியும்: திருப்புகழ் முற்பகுதிகள் பற்றிய ஓர் ஆய்வு

அருணகிரிநாதர் அருளிய திருப்புகழைப் பயில்வார் எவரும் தொடக்கத்திலேயே ஓர் இடர்ப்பாட்டினை எதிர்ப்படுவர். முருகன் புகழ் பாடும் நூல் எனக் கருதி ஏட்டைத் திறந்தால், பல பாடல்களின் முற்பாதியில் முருகனைக் காண்டல் அரிது. விலைமகளிரின் கூந்தலும் கண்ணும் மொழியும் நடையும், அவர்பால் ஒருவன் பொருளிழந்து நோயுற்றுப் பிறரால் நகைக்கப்பட்டு நிற்கும் நிலையுமே ஆண்டு விரிகின்றன. பிற்பாதியில்தான் வேலும் மயிலும் தலமும் தோன்றிப் 'பெருமாளே' என்னும் விளியோடு பாடல் முற்றுப்பெறுகிறது. எல்லாப் பாடல்களும் இத்தகையன அல்ல. எனினும், இன்று கிடைக்கும் 1300-க்கு மேற்பட்ட பாடல்களுள் இவ்வமைப்பு உடையன மிகப் பல.

இம்முற்பகுதிகளை என் செய்வது? மூன்று வழிகளை நம் முன்னோரும் நம் காலத்தவரும் கையாண்டுள்ளனர். முதலாவது, அவற்றைக் கடந்து செல்லுதல். பாடத் தொகைகளிலும் மேடை இசையிலும் பெரும்பாலும் இவ்வகைப் பாடல்களை விடுத்து வாழ்த்தும் வேண்டுதலுமாய் அமைந்தவற்றையே தெரிந்தெடுக்கின்றனர். இரண்டாவது, அவற்றைப் புலவரின் தன்வரலாறாகவே கொள்ளுதல். மூன்றாவது, பிறர் பிழையைத் தம்மேல் ஏற்றிப் பாடும் அருளாளர் மரபு எனக் கொள்ளுதல். மூன்றாம் கொள்கையினர் மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பத்தையும் பட்டினத்தார் பாடல்களையும் துணைக்கு அழைப்பர்.

முதல் வழி ஆராய்ச்சி ஆகாது என்பதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஏனைய இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், ஒரு செய்தியில் உடன்படுகின்றன. இரண்டும் முற்பகுதியைத் தனக்கெனப் பொருளற்றதாக்கி, ஒன்று வாழ்க்கைக்குச் சான்றாகவும் மற்றொன்று அடக்கத்திற்குச் சான்றாகவும் அதனைப் பயன்படுத்திக்கொள்கின்றன. பாட்டு என்ன சொல்கிறது, எவ்வாறு சொல்கிறது என்னும் வினா இரண்டிலும் எழவில்லை. அவ்வினாவையே ஈண்டு எழுப்ப விரும்புகிறோம். தன் விருப்பத்திற்கு மாறாகவும் ஒருவன் காமச் செயலில் மீண்டும் மீண்டும் வீழும் நிலையை இப்பாடல்கள் உள்ளிருந்து காட்டுகின்றன என்பதும், அந்நிலை பற்றி இன்றைய உளமருத்துவம் அறிந்தவற்றை அருகில் வைத்து நோக்கும்போது பாடல்களின் அமைப்பே புதிதாய் விளங்குகிறது என்பதும் நம் கருத்து. புலவரை நோயாளராக்கிக் காட்டுவது நம் நோக்கம் அன்று. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவரை இன்றைய மருத்துவ நூலைக் கையில் கொண்டு சோதித்தல் நகைப்பிற்குரிய செயலாகும்.

முதற்கண், செவிவழி வரலாற்றைக் காண்போம். திருவண்ணாமலையில் தோன்றிய அருணகிரியார் இளமையிலேயே தாயை இழந்து தமக்கையால் வளர்க்கப்பட்டார் என்றும், பொதுமகளிர் தொடர்பால் இருந்த பொருளெல்லாம் தொலைத்துத் தீராப் பிணி உற்றார் என்றும், அந்நிலையிலும் பொருள் கேட்டுத் தமக்கையை வருத்தினார் என்றும் அது கூறும். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாத அவ்வம்மை, பெண்ணுடல் ஒன்றே வேண்டுவதாயின் நானும் ஒரு பெண் அன்றோ என்னும் பொருள்பட நொந்து கூறினாள். நாணம் தாங்காது அவர் வல்லாள கோபுரத்தின்மேல் ஏறிக் குதித்தார். முருகன் தன் கையில் தாங்கிக் காத்துப் பாடப் பணித்தான் என்பது கதை. 1964-இல் டி. எம். சௌந்தரராசன் நடித்து வெளிவந்த 'அருணகிரிநாதர்' திரைப்படம் இக்கதையை ஊர்தோறும் கொண்டுசென்றது. அதன்பின் திருப்புகழைக் கேட்பார் பலர்க்கு இக்கதையே உரையாகிவிட்டது.

இக்கதைக்குக் கல்வெட்டுச் சான்றோ சமகாலத்தார் குறிப்போ காட்டுவார் இலர். புலவரின் காலத்தை உறுதிப்படுத்துவது பாடலொன்றில் வரும் பிரபுடதேவராயர் பற்றிய குறிப்பே. அதனால் விசயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலம் பெறப்படும். ஆயினும், வரலாறு அன்று என்பதனால் ஒரு கதை பொருளற்றதாகிவிடாது. பாடல்களைப் பல தலைமுறையாகக் கேட்ட மக்கள், இவ்வாறு பாடியவன் எத்தகைய வாழ்வு வாழ்ந்திருக்க வேண்டும் எனத் தமக்குள் வினவிக் கண்ட விடையே இக்கதை. அதாவது, திருப்புகழுக்கு எழுந்த முதல் திறனாய்வு இதுவே எனலாம். அத்திறனாய்வு எத்துணை நுட்பமானது என்பதனைப் பின்னர்க் காண்போம்.

இனி, இன்றைய உளமருத்துவர் கூறுவனவற்றுள் நமக்கு வேண்டுவனவற்றை மட்டும் சுருங்கக் குறிப்போம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பகுப்பின் 11-ஆம் பதிப்பில், கட்டுக்கடங்காக் காமநடத்தை ஒரு கோளாறாக முதன்முதல் தனிப்பெயர் பெற்றது. அதன் அடையாளங்களாக அந்நூல் கூறுவன சில. காமச் செயலே வாழ்வின் நடுவிடம் பெற்று, உடல்நலமும் பிற கடமைகளும் புறக்கணிக்கப்படுதல். விடுவதற்குப் பன்முறை முயன்றும் இயலாமை. தீங்கு விளைவது அறிந்தும் தொடர்தல். இன்பம் சிறிதும் இல்லாதபோதும் தொடர்தல். இந்நிலை ஆறு திங்களோ அதற்கு மேலோ நீடித்து, பெருந்துன்பமோ வாழ்க்கைக் குலைவோ விளைத்தல் வேண்டும். இவற்றோடு அந்நூல் ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறது. தன் காம விருப்பத்தை அறமன்று எனத் தானே இகழ்ந்து கொள்வதனால் மட்டும் எழும் துன்பம் இக்கோளாற்றுக்குப் போதிய சான்று ஆகாது என்பதே அது. மிக்க விருப்பம் வேறு, விருப்பின் வழி நில்லாத உந்துதல் வேறு என்னும் இவ்வேறுபாடு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

இக்கோளாற்றினைக் குடியும் சூதும் போன்ற அடிமைப்பழக்கமாகக் கொள்வதா என்பதில் மருத்துவரிடையே ஒருமைப்பாடு இல்லை. உலக சுகாதார நிறுவனம் சூதினை அடிமைப்பழக்கங்களுள் வைத்தது. காமநடத்தையை உந்துதலை அடக்கவியலாக் கோளாறுகளுள் வைத்தது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட தன் கையேட்டில் இதற்கு இடமே தரவில்லை. காரணம் பற்றிய ஆய்வுகளுள், 1998-இல் அமெரிக்க நாட்டில் ஃபெலிட்டி, அண்டா முதலியோர் வெளியிட்டது பெரிதும் பேசப்படுவது. இளமையில் வன்முறையும் தீண்டலும் குடும்பக் குலைவும் போன்ற துன்பங்களுள் நான்கு வகையோ அதற்கு மேலோ உற்றவரிடத்து, குடிப்பழக்கமும் தற்கொலை முயற்சியும் பிறரினும் பன்மடங்கு மிக்கிருந்ததையும், மிகப் பலரோடு உடலுறவு கொள்ளுதலும் கூடுதலாக இருந்ததையும் அவர்கள் காட்டினர். இளமைக் காயம் உடையார் யாவரும் இவ்வழிச் செல்வர் என்பதோ, இவ்வழிச் செல்வார் யாவரும் காயமுற்றவர் என்பதோ இதனாற் பெறப்படாது. காயம் ஒரு வாயில்; அவ்வளவே. தாயை இழந்த சிறுவன் எனக் கதை புனைந்த மக்கள் இவ்வாயிலை எவ்வாறோ உணர்ந்திருந்தனர் போலும்.

இக்குறிப்புகளோடு பாடல்களுக்கு வருவோம். திருப்புகழின் சந்தத்தைப் போற்றுவோர் அதன் வாக்கிய அமைப்பைப் பெரும்பாலும் நோக்குவதில்லை. நம் கருத்தில் நூலின் உயிர்நிலை ஆண்டே உள்ளது. இவ்வகைப் பாடல்களுள் மிகுதியானவை ஒரே வாக்கியமாய் இயல்பவை. முற்பாதியில் எச்சங்களே ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்ந்து வருகின்றன. கண்டு, மயங்கி, அணைந்து, கொடுத்து, இழந்து, நலிந்து என்றாற்போல ஒரு வினை முடியுமுன் அடுத்த வினை அதனைப் பற்றிக்கொள்ளும். முற்றுவினைக்காகச் செவி காத்திருக்கும்; அது வாராது. பாடலின் நடுவெல்லையை அணுகும்போதுதான் ஒரு முற்று வருகிறது. அதுவும் எத்தகையது? 'உழல்வேனோ', 'திரிவேனோ' என்றாற்போலும் தன்மை எதிர்கால வினா. அன்றேல் 'அருள்வாயே' என்றாற்போலும் முன்னிலை வேண்டுகோள். தான் செய்ததாக, செய்து முடித்ததாக, இனிச் செய்யேன் எனத் துணிந்ததாக ஒரு முற்றுவினை அந்த 'நான்' வாயில் வருதல் அரிது.

எச்சத்தின் இலக்கணமே முடிவின்மை. தன் வினைக்குத் தான் தலைவன் ஆகாத ஒருவனின் நிலைக்கு இதனினும் பொருந்திய இலக்கண வடிவம் தமிழில் இல்லை. மருத்துவ நூல் 'விடுவதற்குப் பன்முறை முயன்றும் இயலாமை' என விளக்கத்தால் உணர்த்துவதை, இப்பாடல்கள் வாக்கியத்தின் நடையாலேயே உணர்த்துகின்றன. படிப்பவனும் மூச்சிழந்து, எங்கேனும் நிற்க இடம் கிடைக்காதா எனத் தேடுகிறான்.

எழுவாய்களையும் நோக்குதல் வேண்டும். முற்பகுதியின் வினைகளுள் பல மகளிர்க்கு உரியன. பார்ப்பவர் அவர்; அழைப்பவர் அவர்; பேரம் பேசுபவர், பறிப்பவர், பின் துரத்துபவர் அவர். அவரும் முழு மாந்தராய் நில்லாது கண்ணாகவும் குழலாகவும் இதழாகவும் சிதறி வருகின்றனர். 'நான்' செயப்படுபொருளாய்ச் சுருங்கிவிடுகிறது. இதனைக் கேசாதிபாத மரபின் வழக்கு என்று கூறி அமைதல் பொருந்தாது. கேசாதிபாதம் முடியிலிருந்து அடிவரை ஒழுங்குபட இறங்குவது; முழு உருவைக் கட்டுவது. இங்கோ அவ்வொழுங்கு பல இடங்களில் குலைகிறது. உறுப்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வருகின்றன. காண்பவன் ஓர் ஆளைக் காணும் ஆற்றலை இழந்துவிட்டான் என்பதே இதன் குறிப்பு.

சந்தமும் இதற்குத் துணை நிற்கிறது. பல பாடல்களில் ஒரே சந்தக் குழிப்பு அடிக்குள் மீண்டும் மீண்டும் மடங்கி வந்து, தொங்கல் எனப்படும் சிறு சீரில் நின்று மூச்சுவிடும். மீண்டும் அடுத்த அடியில் அதே சுழற்சி. தொங்கலின் அச்சிறு நிறுத்தமே கேட்பவனுக்குக் கிடைக்கும் ஓய்வு. பயிலும் மாணாக்கர் பொருளைக் கருதாது வாய்விட்டு ஓதிப் பார்ப்பின் இதனை எளிதில் உணர்வர். இதனைப் புலவர் திட்டமிட்டுச் செய்தார் என்று வாதிட நாம் முற்படவில்லை. அதே சந்தம் முருகன் புகழிலும் தொடர்கிறது என்பதையும் மறத்தல் ஆகாது.

அவ்வாறு தொடர்வதே நம் அடுத்த கருத்துக்கு வாயில். முற்பகுதி காமத்தைப் பழிப்பது, பிற்பகுதி தூய பத்தியைப் போற்றுவது என்பது பொதுவான எண்ணம். பாடல்கள் அவ்வாறு இல்லை. பிற்பகுதியின் முருகன் துறவி அல்லன். தினைப்புனத்தில் வள்ளியைத் தேடிச் சென்றவன், அவள் தோளையும் கொங்கையையும் தழுவியவன், அவள்பால் கொண்ட மயலால் வேடம் பல புனைந்தவன் எனப் புலவர் அவனை அடுத்தடுத்து விளிக்கின்றார். முற்பகுதியில் இழிந்ததாய்த் தோன்றிய உடலின்பம், சில அடிகள் கடந்தபின் இறைவனின் சிறப்பாய் நிற்கிறது. தூய்மை கருதும் உரையாசிரியர் இவ்விடங்களில் இச்சாசத்தி எனத் தத்துவம் கூறிக் கடந்துவிடுவர். தத்துவம் இருக்கட்டும், பாட்டின் சொல்லோ தழுவலைத் தழுவலாகவே கூறுகிறது.

எனவே இப்பாடல்கள் காமத்தையே பழிப்பன அல்ல. வள்ளியைத் தேடிச் செல்லும் விருப்பம் ஓர் ஆளைத் தேடிச் செல்கிறது. அவளுக்குப் பெயர் உண்டு, குலம் உண்டு, மலை உண்டு, மறுக்கும் உரிமையும் உண்டு. முற்பகுதியின் உந்துதலுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. மிக்க விருப்பம் வேறு, கட்டிழந்த உந்துதல் வேறு என மேலே குறித்த வேறுபாட்டைப் புலவர் ஒரே பாடலின் இரு பாதிகளாய் எதிரெதிர் வைத்துக் காட்டிவிடுகிறார். முற்பகுதியை மட்டும் நீக்கித் தூய்மைப்படுத்தும் தொகுப்பாளர், அதனோடு இவ்வேறுபாட்டையும் நீக்கிவிடுகின்றார் என்பது நம் வருத்தம்.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. திருக்குறளில் வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது என்னும் மூன்று அதிகாரங்களும் 92, 93, 94 என அடுத்தடுத்து நிற்கின்றன, 95-ஆவது மருந்து. வரைவின் மகளிர் அதிகாரத்தின் இறுதிக்குறள், திருவால் நீக்கப்பட்டார்க்கு இருமனப் பெண்டிரும் கள்ளும் கவறும் தொடர்பு எனத் தானே மூன்றனையும் ஒருசேர எண்ணுகிறது. இவற்றை ஓர் இனமாகக் கண்ட கண் வள்ளுவருடையது. இன்னும் வியத்தற்குரியது சூது அதிகாரத்தின் இறுதிக்குறள். இழக்குந்தோறும் சூதின்மேல் விருப்பம் மிகும். அதுபோலத் துன்புறுந்தோறும் உடல்மேல் உயிர்க்குக் காதல் மிகும் என்பது அதன் பொருள். இழப்பு விருப்பைக் குறைக்கும் என்பதே உலகியலார் கணக்கு. குறைக்காது, வளர்க்கும் என்பது அடிமைப்பட்டோரை அணுகி நோக்கினார்க்கே புலனாகும். திருப்புகழின் முற்பகுதியில் பொருள் குறையக் குறையத் தவிப்பு மிகுவதும் இக்கணக்கே.

மருதத்திணைப் பாடல்களின் பரத்தமையை இதனோடு ஒப்பிடுவார் உளர். ஆயின் ஆண்டுத் தலைவன் தன்னைத் தானே நொந்து பேசுவதில்லை. புண்பட்ட குரல் தலைவியுடையதும் தோழியுடையதுமே. நெருங்கிய ஒப்புமை பிற்காலத்து விறலிவிடு தூதுகளில் கிடைக்கும். 18-ஆம் நூற்றாண்டில் சுப்பிரதீபக் கவிராயர் பாடிய கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூதினை எடுத்துக்கொள்வோம். மனைவியோடு ஊடிப் பிரிந்தவன் தாசி வீட்டில் புகுதல், தாய்க்கிழவியின் சூழ்ச்சி, கைப்பொருள் பறிபோதல், வெளியே தள்ளப்படுதல் ஆகிய நிகழ்ச்சிகள் யாவும் அதிலும் உள்ளன. ஏறத்தாழ அதே கதை, ஆனால் நகைச்சுவை. இழந்தவன் இழந்ததைச் சுவைபடக் கூறுகிறான், கேட்போர் சிரிக்கின்றனர், கதை நன்மையாய் முடிகிறது. முற்றுவினைகளால் இயன்ற நடை அது. நடந்தது நடந்து முடிந்தது. திருப்புகழில் ஒன்றும் நடந்து முடிவதில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிப்பாருக்கு, பொருள் ஒன்றாயினும் நடை எத்துணை வேறாக்கிவிடுகிறது என்பது விளங்கும்.

ஈண்டு ஒரு குறையையும் மறையாது கூறுதல் திறனாய்வாளர் கடன். முற்பகுதிகளின் மகளிர்க்குத் தமக்கென ஒரு சொல் இல்லை. அவர் பேசுவதெல்லாம் பேரமும் பொய்யும். அவர் ஏன் அவ்வீட்டில் உள்ளனர், எவ்வயதில் ஆண்டுக் கொணரப்பட்டனர், அவர் உற்ற காயம் யாது என்னும் வினா பாடலில் எழுவதில்லை. தன் உந்துதலின் வலிமையைத் தானே தாங்கமாட்டாதவன், அவ்வலிமையைப் பெண்ணின் கண்ணில் ஏற்றி, அது தன்னை இழுத்தது என்கிறான். இஃது அடிமைப்பட்டோர் பேச்சில் இயல்பாய்க் காணப்படுவதே. எனினும் இயல்பு என்பதனால் நியாயம் ஆகிவிடாது. வலை என்னும் உருவகம் திருப்புகழில் ஆணைப் பிடிக்கும் வலை. தேவதாசி மரபினுள் வளர்ந்து அதனை எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் வெளியிட்ட 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் புதினத்தின் தலைப்பிலும் அதே வலை வருகிறது. தாசியரின் சூழ்ச்சியை அம்மையாரும் மறைக்கவில்லை. ஆயின் வலையை விரித்து வைத்தது ஒரு சமுதாய ஏற்பாடு என்பதும், அதில் முதலில் அகப்படுபவள் பெண்ணே என்பதும் அவர் அறிந்து எழுதியவை. பதினொரு ஆண்டுகளின்பின், 1947-இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. திருப்புகழின் முற்பகுதியைக் கற்பிக்கும் வகுப்பில் இப்புதினமும் உடன் இருத்தல் நன்று என்பது நம் கருத்து. அருணகிரியார்மேல் வழக்குத் தொடுப்பதற்காக அன்று. பாட்டில் எழாத வினா மாணாக்கர் உள்ளத்தில் எழுதற்பொருட்டு.

இனி, மேலே நிறுத்திவைத்த கதைக்கு மீள்வோம். சமயச் சொற்பொழிவுகளில் இக்கதை பெரும்பாலும் நாணத்தின் வெற்றியாகக் கூறப்படுகிறது. தமக்கையின் கடுஞ்சொல் தைத்தது, அவர் திருந்தினார் என்பர். கதை உண்மையில் அவ்வாறு கூறவில்லை. கடுஞ்சொல் தைத்தது, அவர் இறக்கப் போனார். இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை நாம் கவனித்தல் வேண்டும். சொத்து இழந்தபோதும் அவர் திருந்தவில்லை. பிணி உற்றபோதும் திருந்தவில்லை. நாணம் உச்சத்தை எட்டியபோது, திருந்துதல் அன்று, கோபுரத்தின் உச்சியே அவர் கண்ட வழி. நாணம் ஒருவனைத் தன் செயலிலிருந்து பிரிக்கவில்லை. உயிரிலிருந்தே பிரிக்கப் பார்த்தது. அவரைக் காத்தது, விழும்போது தாங்கிய கை. அக்கை காரணம் கேட்கவில்லை, குற்றம் எண்ணவில்லை, முதலில் தாங்கியது. பின்னர் அவனைப் பேசாது அமைந்திருக்கப் பணித்தது என்றும், அதன்பின்னரே பாடச் சொன்னது என்றும் கதை முறைப்படுத்துகிறது.

கட்டிழந்த காமநடத்தையால் வருந்துவோரிடையே நாணம் மருந்தாகாது, மீண்டும் அதே செயலுக்கே உந்தும் என்பது இன்று இத்துறையில் பணிபுரியும் உளமருத்துவர் பலர் வற்புறுத்தும் செய்தி. துன்பத்தை மறக்கச் செய்யும் செயல், செயலால் வரும் நாணம், நாணத்தை மறக்க மீண்டும் செயல் என அது வட்டமாய்ச் சுழலும். திருப்புகழின் முற்பகுதிகளில் இவ்வட்டம் தெளிவாய் உள்ளது. திருச்செந்தூர்ப் பாட்டொன்றில் முதுமையால் உடல் தளர்ந்தவனைக் கண்டு மகளிர் நகைக்கின்றனர். திருத்தணிப் பாட்டொன்றில் நோய்களின் பெயர்கள் நிரல்பட அடுக்கப்படுகின்றன. நகைப்பும் நோயும் அவனைத் திருத்தியதாக எப்பாட்டும் பெருமை கொள்வதில்லை. அவற்றின் பயன் வேண்டுகோளின் அவசரத்தைக் கூட்டுவதே. இதனைக் கருதாது, நாணச் செய்தால் மாணாக்கன் திருந்துவான் எனும் கருத்தில் இப்பாடல்களை வகுப்பறையிலும் மேடையிலும் கையாளுவோர், நூலையும் கதையையும் ஒருங்கே மாற்றிப் படிக்கின்றனர். அவ்வகுப்பில் வருந்தும் இளைஞன் ஒருவன் அமர்ந்திருக்கக்கூடும். அவனுக்குக் கோபுரத்தை மட்டும் காட்டிக் கையைக் காட்டாது விடுதல் சிறு பிழை அன்று.

தன்வரலாற்றுக் கொள்கையினர்க்கு இன்னும் ஓர் இடர் உண்டு. கதையின்படி பாடல்கள் யாவும் மீட்சிக்குப் பின்னர்ப் பாடப்பட்டவை. மீட்கப்பட்டவர், 'உழல்வேனோ' என எதிர்காலத்தில் ஏன் வினவ வேண்டும்? ஒருமுறை அன்று, 200-க்கு மேற்பட்ட தலங்களில், தலந்தோறும்? பிறர்பொருட்டுப் பாடினார் என்னும் கொள்கை இவ்விடரைத் தீர்க்கவே எழுந்தது போலும். ஆயின் அக்கொள்கையைக் கைக்கொள்ளாமலே இதனை விளக்கலாம். மீட்சி ஒருநாள் நிகழ்ச்சி என்று கொண்டதே இடருக்கு வேர். குடியினின்றும் சூதினின்றும் காம உந்துதலினின்றும் மீள்வோர் கூறுவது வேறு. விட்டேன் என்பது இறந்தகாலத்தில் நிலைபெறும் சொல் அன்று; ஒவ்வொரு நாளும் புதிதாய்ச் சொல்லப்பட வேண்டுவது. இவ்வாறு நோக்கின், ஒவ்வொரு பாடலும் முற்பாதியில் மீண்டும் வீழ்ந்து, நடுவில் வினவி, பிற்பாதியில் மீண்டும் பற்றிக்கொள்ளும் அமைப்பு ஒரு குறையாகத் தோன்றாது. கூறியது கூறல் எனக் குற்றம் காண்போர், எதனைக் கூறுகிறது என்பதனை மறந்து பேசுகின்றனர். ஊர் ஊராய்ச் சென்று பாடியதும் இதன் கூறே. முன்பு வீடுதோறும் உழன்ற கால்கள் இப்போது தலந்தோறும் செல்கின்றன. இயக்கம் நிற்கவில்லை, திசை மாறியுள்ளது.

பதினாறாயிரம் பாடினார் என்பது வழக்கு. அவற்றுள் எஞ்சியவற்றை ஊர்தோறும் தேடித் தொகுத்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேற்றத் தொடங்கிய வ. த. சுப்பிரமணிய பிள்ளையவர்களும், அவர்தம் மைந்தர் வ. சு. செங்கல்வராய பிள்ளையவர்களும் முற்பகுதிகளை நாணிக் குறைக்காது முழுமையாகவே பதிப்பித்தனர். அவர்கள் அவ்வாறு செய்திராவிடில் இவ்வாராய்ச்சிக்கு இடமே இல்லை. பதிப்பாசிரியர்க்கு இருந்த துணிவு பாடத்தொகுப்போர்க்கும் வருதல் வேண்டும்.

இறுதியாகக் கந்தரனுபூதி. புலவர் தம் உடலை நீத்துக் கிளியுருவில் இருந்து பாடியது எனவும், அவர் நூல்களுள் முடிவானது எனவும் மரபு இதனைப் போற்றும். காப்பு நீங்க 51 பாடல்கள். திருப்புகழின் எச்சத் தொடர்கள் இங்கு இல்லை. அடிகள் குறுகியவை, வாக்கியங்கள் விரைந்து முடிகின்றன, சொற்களுக்கிடையே அமைதி உண்டு. நாம் மேற்கூறிய நடைநோக்கில் பார்த்தால் இது மீட்சியின் நூல் எனத் துணிந்து கூறத் தோன்றும். ஆயினும் இந்நூலிலும் ஒரு பாட்டில், மகளிர்மேல் கொண்ட மயலாகிய வலையில் பட்டு ஊசல்போல் ஆடும் இந்நிலையை என்று ஒழிவேன் என்று அவர் வினவுகின்றார். வலை இன்னும் இருக்கிறது. ஊசல் இன்னும் ஆடுகிறது. வினா மட்டும் இப்போது இரண்டே அடிகளில் முடிந்துவிடுகிறது.